திரை இருண்ட மானிட்டர்: பேக்லைட் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே நான் குடியிருக்கும் தெருவில், பிள்ளைகளின் படிப்புக்காகக் கைமாறி வந்த பழைய மானிட்டர்களை வைத்திருக்கும் வீடுகள் அதிகம். அவற்றில் ஒன்று இருண்டு போனால் அது பெரும்பாலும் என் மேசைக்கு வந்து சேரும். சென்ற மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெண் தன் 21.5 அங்குல மானிட்டரைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தாள். "கடையில காட்டினோம்ண்ணா. பேனல் போயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்களும் ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா பழைய சாமான் கடையில போட்டுடலாம்னு அம்மா சொன்னாங்க" என்றாள். மானிட்டரைக் கணினியோடு இணைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைத் திரையை ஒட்டினாற்போலச் சாய்வாகப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் ஐகான்களும் மூலையிலிருந்த கடிகாரமும் மங்கலாகத் தெரிந்தன. பேனல் படத்தை ஒழுங்காகவே வரைந்துகொண்டிருந்தது; அதற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்குதான் எரியவில்லை.

ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே பேனல் போய்விட்டது என்று சொல்லி மானிட்டரை ஒதுக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பேக்லைட் எனப்படும் அந்தப் பின்விளக்கு எரியாமல் போவதற்கு வீங்கிய ஒரு கெப்பாசிட்டரோ (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்), எரிந்த ஒரு ஃபியூஸோ, கருகிய ஒரே ஒரு எல்.இ.டி.யோ காரணமாக இருக்கலாம். ஆனால் இதில் அவசரப்பட்டுப் பேனலைப் பிரிப்பவர்கள் நல்ல பேனலையும் கெடுத்துவிடுகிறார்கள். எனவே இங்கே நான் சொல்லும் வரிசை முக்கியமானது: முதலில் வெளியே இருந்து சோதனை, பிறகு போர்டுகளில் அளவெடுத்தல், அளவுகள் வேறு வழியில்லை என்று சொன்னால் மட்டுமே பேனலைத் திறத்தல்.

விளக்கு எங்கே இருக்கிறது

எல்.சி.டி. பேனல் தானாக ஒளி தருவதில்லை. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியைப் புள்ளி புள்ளியாக மறைத்தும் விட்டும் படத்தை உண்டாக்குவது மட்டுமே அதன் வேலை. ஏறத்தாழ 2010 வரை வந்த மானிட்டர்களில் இந்த ஒளியைத் தந்தவை சி.சி.எஃப்.எல். எனப்படும் பென்சிலைவிட மெல்லிய ஒளிர்குழல்கள். அவற்றுக்குப் பல நூறு வோல்ட் மாறுமின்னழுத்தம் வேண்டும் என்பதால் அதை உண்டாக்கும் இன்வெர்ட்டர் என்ற பகுதி, மானிட்டருக்கு மின்சாரம் தரும் மின்போர்டிலேயே பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் பேனலின் கீழ் விளிம்பில் அல்லது பக்க விளிம்பில் ஒரு மெல்லிய எல்.இ.டி. பட்டி ஓடுகிறது. பட்டியின் ஒளி, திரையின் அளவுக்கே உள்ள ஓர் அக்ரிலிக் தகட்டின் விளிம்பு வழியாக நுழைந்து, அந்தத் தகட்டின் பின்புறமுள்ள நுண்புள்ளிகளில் பட்டுத் திரை முழுவதும் சீராகப் பரவுகிறது. அந்தத் தகட்டுக்கு முன்னால் ஒளியைச் சமப்படுத்தவும் நேராகத் திருப்பவும் மூன்று அல்லது நான்கு மெல்லிய தாள்கள் இருக்கும்.

ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் தேவை. பட்டியிலுள்ள எல்.இ.டி.கள் சில வரிசைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு வரிசையிலும் பத்துப் பன்னிரண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு வரிசைக்கு 30 முதல் 40 வோல்ட் வரை வேண்டியிருக்கும். மானிட்டருக்குள் இருக்கும் 12 முதல் 19 வோல்ட்டை இந்த அளவுக்கு உயர்த்தி, மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தித் தருவதே எல்.இ.டி. டிரைவர். தொடர் இணைப்பு என்பதால் ஒரே ஒரு எல்.இ.டி. அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் அளவுகள் அனைத்தும் இதிலிருந்துதான் விளங்கும்.

திறப்பதற்கு முன்

டார்ச் சோதனையில் படம் தெரிந்தால் பழுது பேக்லைட் பகுதியில் இருக்கிறது. எதுவுமே தெரியவில்லை என்றால், முதலில் கேபிளையும் கணினியையும் மாற்றிப் பாருங்கள். அது வேறு வகைப் பழுதாக இருக்கலாம். வெள்ளைப் பின்னணியுள்ள ஒரு படத்தைத் திரையில் வைத்துச் சோதித்தால் மங்கலான உருவமும் எளிதில் கண்ணில் படும். மெனுவில் பிரகாசம் பூஜ்யத்தில் வைக்கப்பட்டு, அதனால் மட்டுமே இருண்டிருந்த ஒரு மானிட்டரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே டார்ச் வெளிச்சத்திலேயே மெனுவைத் திறந்து அதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்து, மானிட்டர் எப்படி இருளுகிறது என்பதைக் கவனியுங்கள். சுவிட்சைப் போட்டவுடன் ஓரிரு விநாடி ஒளிர்ந்து பிறகு அணைந்தால், டிரைவரோ இன்வெர்ட்டரோ ஏதோ ஒரு கோளாறை உணர்ந்து தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். தொடக்கத்திலிருந்தே சிறு ஒளிகூட இல்லையென்றால் ஃபியூஸ் போயிருக்கலாம் அல்லது படத்தைக் கையாளும் மெயின்போர்டிலிருந்து வர வேண்டிய கட்டளை வராமல் இருக்கலாம். திரையின் ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால் ஒரு வரிசை எல்.இ.டி. மட்டும் போயிருக்கிறது. பழைய குழல் மானிட்டரில் எரியத் தொடங்கும்போது படம் செம்மை கலந்து தெரிந்தால் குழல்கள் தேய்ந்துவிட்டன. இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது, பிறகு அளவெடுக்கும்போது குழம்பாமல் இருக்க உதவும்.

பேனலின் கண்ணாடியே விரிசல் விட்டிருந்தாலும், உள்ளே தண்ணீர் இறங்கித் தாள்களில் கறை படிந்திருந்தாலும் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பின்மூடியைக் கழற்றுதல்

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மடித்த போர்வையின்மேல் திரை கீழே இருக்கும்படி மானிட்டரைக் கிடத்தி, தாங்கியின் திருகுகளைக் கழற்றுங்கள். முன்சட்டமும் பின்மூடியும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கொக்கிகளால்தான் பிணைந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் சட்டம் கீறிவிடும், அதைவிட மோசமாகப் பேனலின் ஓரத்தில் அழுத்தம் விழும். காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டு போதும். நான் பயன்படுத்துவது பழைய மெட்ரோ கார்டு. கீழ் விளிம்பில் தொடங்கி, ஒரு கொக்கி விடுபட்டதும் கார்டை அங்கேயே விட்டுவைத்து அடுத்ததற்கு நகர்ந்தால் விடுபட்டது மீண்டும் மாட்டிக்கொள்ளாது. பொத்தான் போர்டின் கம்பி சட்டத்தோடு சேர்ந்து வரும் என்பதால் கடைசியில் வேகமாக இழுக்கக் கூடாது.

உள்ளே தகரப் பெட்டிக்கு அடியில் பொதுவாக இரண்டு போர்டுகள் இருக்கும்: மின்போர்டு, மெயின்போர்டு. மின்போர்டிலிருந்து பேனலின் ஓரத்துக்குப் போகும் மெல்லிய கம்பிக் கட்டுதான் பேக்லைட்டுக்கு உரியது. எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

இங்கே உயிருக்கு ஆபத்தான ஓர் இடம் உண்டு. சுவரிலிருந்து நேராக 230 வோல்ட் வாங்கும் மானிட்டர்களில், மின்போர்டின் நுழைவுப் பக்கத்திலுள்ள மிகப் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் தேங்கும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே நிற்கக்கூடும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களுக்கு நன்றாக இன்சுலேஷன் சுற்றி, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் பத்து விநாடி வைத்துப் பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரால் அளந்து, 5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியதை உறுதிசெய்த பின்னரே போர்டைக் கையால் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது கெப்பாசிட்டருக்கும் போர்டுக்கும் கெடுதல், கைக்கும் ஆபத்து. வெளியே அடாப்டர் வைத்த மானிட்டர்களில் இந்த உயரழுத்தப் பகுதி மூடிய அடாப்டருக்குள்ளேயே நின்றுவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அத்தகைய மானிட்டரில் தொடங்குவது நல்லது.

கண்ணால் பார்த்தலும் மீட்டரால் பார்த்தலும்

முதலில் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும். நகத்தால் தடவினால் மேடு தெரிந்தாலோ, அடியில் பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ மாற்றிவிடுங்கள். 2000-களின் முதல் பாதியில் தரமற்ற மின்பகு திரவத்தால் உலகம் முழுவதும் கெப்பாசிட்டர்கள் வீங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்கால மானிட்டர்களில் இது இன்றும் முதல் சந்தேகத்துக்குரியது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் மதிப்பு, அதே அளவு அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை) வகை என்ற நான்கையும் பார்த்து வாங்குங்கள். கோடு போட்ட பக்கம் எதிர்முனை. பழையதை எடுப்பதற்கு முன் அதன் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால் அளவெடுக்க வேண்டும். மின்போர்டையும் மெயின்போர்டையும் இணைக்கும் கம்பிக் கட்டின் அருகே போர்டிலேயே பெயர்கள் அச்சிட்டிருக்கும். பி.எல். ஆன் அல்லது ஈ.என்.ஏ. என்பது விளக்கைப் போடச் சொல்லும் கட்டளை. டிம் அல்லது ஏ.டி.ஜே. என்பது பிரகாச அளவு. மற்றவை 5 வோல்ட், 12 அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட், கிரவுண்ட். மானிட்டருக்கு மின்சாரம் கொடுத்து, மீட்டரின் கறுப்பு முனையை உலோகச் சட்டத்தில் கிளிப்பால் பொருத்திவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடித்து அளங்கள். நுழைவுப் பக்கத்திலுள்ள, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கைக் கிரவுண்ட் என்று எண்ணிக் கறுப்பு முனையை அங்கே வைத்துவிடாதீர்கள். அது சுவர் மின்சாரத்தோடு தொடர்புடையது.

கட்டளை முனையில் 3 முதல் 5 வோல்ட் வரை இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் மெயின்போர்டு தன் வேலையைச் செய்கிறது. பழுது டிரைவரிலோ பட்டியிலோ இருக்கிறது. கட்டளை முனை பூஜ்யமாக இருந்தால் அதே கட்டிலுள்ள 5 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அந்த முனைக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் குறை மெயின்போர்டில்தான்.

அடுத்த அளவுதான் என் அனுபவத்தில் மிகவும் பயனுள்ளது. பட்டிக்குப் போகும் கம்பியின் நேர்முனையில், எல்.இ.டி. பிளஸ் என்று குறித்த இடத்தில், சிவப்பு முனையை வைத்துக்கொண்டு மானிட்டரின் சுவிட்சைப் போடுங்கள். பெரும்பாலான டிரைவர்கள் வேலை செய்யாத நிலையிலும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு வழியாக நுழைவு மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே இந்த முனைக்கு வந்து நிற்கும். எனவே இங்கே மூன்று விதமான காட்சிகளைக் காணலாம். முனையில் எதுவுமே இல்லை என்றால் நுழைவிலுள்ள சிறிய ஃபியூஸ் போயிருக்கிறது. நுழைவு மின்னழுத்தம் மட்டும் அசையாமல் நின்றால் டிரைவர் இயங்கவே இல்லை. ஒரு கணம் மேலே எகிறி, விளக்கு எரியாமல் மீண்டும் நுழைவு அளவுக்கே இறங்கினால் டிரைவர் நலமாக இருக்கிறது. பட்டியில் எங்கோ இணைப்பு அறுந்திருப்பதால் மின்னோட்டம் போக வழியின்றி மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய், பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்துகிறது. எதிர்வீட்டு மானிட்டரில் 18 வோல்ட் 60-க்கு மேல் தாவி, நான் மூச்சு விடுவதற்குள் மீண்டும் 18-க்கு வந்தது. அந்த ஒரு தாவலைப் பார்த்ததுமே மின்போர்டில் கைவைக்கத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. மெதுவான மீட்டர் உச்ச அளவைத் தவறவிடும் என்பதால், உச்சத்தைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் புதியதைப் போட்டுவிட்டு உடனே சுவிட்சைப் போட வேண்டாம். அது காரணமில்லாமல் போவதில்லை. டிரைவரிலுள்ள மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), அதையடுத்த ஷாட்கி வகை டயோடு, வெளியீட்டுக் கெப்பாசிட்டர் ஆகிய மூன்றையும் மின்சாரமில்லாத நிலையில் மல்டிமீட்டரின் டயோடு முறையில் சோதித்து, எது ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மாஸ்ஃபெட்டின் டிரெயின், சோர்ஸ் என்ற இரு கால்களுக்கும் இடையே இரு திசையிலும் பீப் ஒலித்தால் அதை மாற்றிய பிறகே ஃபியூஸ் மாற்ற வேண்டும்.

பட்டியைத் தனியாகச் சோதித்தல்

பட்டியின் கம்பியைப் போர்டிலிருந்து கழற்றி, பேனலைத் திறக்காமலேயே அந்த முனைகளின் வழியாகப் பட்டியைச் சோதிக்கலாம். டி.வி. பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் எல்.இ.டி. டெஸ்டர் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் ஐந்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகக் கொடுங்கள். பன்னிரண்டு எல்.இ.டி. உள்ள வரிசைக்கு இதிலிருந்து கிடைக்கும் சில மில்லி ஆம்பியர், இருட்டறையில் திரையின் ஓரம் ஒளிர்வதைக் காண்பதற்குப் போதும்; எதையும் எரித்துவிடாது. கனெக்டரில் பொதுவாக ஒரு நேர்முனையும், வரிசைக்கு ஒன்றாகப் பல எதிர்முனைகளும் இருக்கும். ஒவ்வொரு எதிர்முனையாகத் தொட்டுப் பாருங்கள். எல்லா வரிசைகளும் ஒரே அளவில் ஒளிர வேண்டும். எனக்கு வந்த மானிட்டரில் நான்கு வரிசைகளில் மூன்று எரிந்தன, மூன்றாவது மட்டும் எரியவே இல்லை. சில டிரைவர்கள் அறுந்த வரிசையை விட்டுவிட்டு மற்றவற்றை எரிய விடும். இந்த மானிட்டரில் இருந்தது அனைத்தையும் அணைத்துவிடும் வகை.

இந்தக் கட்டத்தில்தான் பேனலைத் திறப்பதற்கு நியாயம் பிறக்கிறது. ஆனாலும் கனெக்டரின் ஊசிகளையும் கம்பியின் அடிப்பகுதியையும் லென்ஸ் வைத்து ஒருமுறை பாருங்கள். அங்கே ஒரு சால்டர் விரிசல் தெரிந்தால் அதை மீண்டும் பற்றவைத்தாலே வேலை முடிந்துவிடும்.

குழல் வைத்த பழைய மானிட்டர்கள்

இவற்றில் குழலுக்குப் போகும் முனைகளை மல்டிமீட்டரால் அளக்கக் கூடாது. பல நூறு வோல்ட்டும், தொடங்கும் கணத்தில் ஆயிரத்துக்கும் மேலும், நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் மின்னழுத்தம் அங்கே இருக்கிறது. மீட்டர் கெட்டுவிடும், கையைச் சுட்டுவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரில் ஒரே மாதிரியாக இருக்கும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் வெளியீட்டுச் சுருள்களை ஓமில் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் காட்ட வேண்டும். ஒன்று வெகுவாக மாறுபட்டால் அதுதான் குற்றவாளி. இரண்டு விநாடியில் அணையும் பழுதுக்குக் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர், தேய்ந்த குழல் என்ற வரிசையில் போங்கள்.

குழலே போயிருந்தால் அதே நீளத்தில் புதுக்குழல் தேடி அலைவதைவிட, குழலை எல்.இ.டி.யாக மாற்றும் கிட் வாங்குவதுதான் இன்று சாத்தியமான வழி. வெட்டிக்கொள்ளும் பட்டியும் சிறிய டிரைவர் போர்டும் அதில் இருக்கும். பட்டியை மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை குறியிட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். டிரைவரின் நான்கு கம்பிகளை நுழைவு மின்னழுத்தம், கிரவுண்ட், ஈ.என்.ஏ., டிம் என்று முன்பு அளந்த அதே இடங்களில் சால்டர் செய்து, பழைய இன்வெர்ட்டரின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். அந்த ஃபியூஸ் இன்வெர்ட்டருக்கு மட்டும் உரியது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் பட்டி வாங்குதல்

பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் என்றால் எஸ்.பி. ரோடுதான், சிக்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேலைநாளின் காலை வேளையே ஏற்றது. கன்னடம், தமிழ், இந்தி என்று மூன்றும் கலந்து பேசும் அந்தச் சந்துகளில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் கடைக்காரர்கள் நிறைய. முதன்முறை நான் போய் "22 இன்ச்சுக்குப் பட்டி குடுங்க" என்றபோது ஒரு பெரியவர், "இன்ச்ச விடுங்க சார். மானிட்டர் பேரும் வேணாம். பேனலுக்குப் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த நம்பரச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஒரே பெயரில் விற்கும் மானிட்டருக்குள் வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் இருக்கும்; பட்டி பொருந்துவது பேனலின் எண்ணுக்குத்தான்.

அந்த எண்ணுக்குரிய பட்டி கிடைக்கவில்லை என்றால் பழைய பட்டியைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மில்லிமீட்டரில் நீளம், பட்டியின் அகலம், எல்.இ.டி.களின் எண்ணிக்கை, வரிசைகளின் எண்ணிக்கை, கனெக்டர் எந்த முனையில் இருக்கிறது என்ற ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். அகலம் அரை மில்லிமீட்டர் கூடினாலும் பட்டி அதன் பள்ளத்தில் உட்காராது. கடையிலேயே டெஸ்டரில் எரியவைத்துக் காட்டச் சொல்லி, எல்லா வரிசைகளும் ஒரே வெண்மையில் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பேனலைத் திறத்தல்

இதுவரை சொன்னதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். இனி வருவதில் அந்த வசதி இல்லை. பேனல் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நீண்ட போர்டு வரை பழுப்பு நிறத்தில் மெல்லிய பட்டைகள் வரிசையாகப் போகும். அவற்றின்மேல்தான் படத்தைச் செலுத்தும் சில்லுகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் ஒன்று மடிந்தாலோ கிழிந்தாலோ திரையில் நிரந்தரமாகக் கோடு விழும், அதைச் சால்டரிங் அயர்னால் சரிசெய்ய முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் மானிட்டரில் கண்ணாடியைத் தனியே தூக்கி, போர்டைத் தொங்கவிட்டதால் ஒரு பட்டை என் கண் முன்னேயே பிரிந்தது. பேக்லைட் பிரகாசமாக எரிந்தது. திரையின் நடுவே கைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடும் நின்றது. அன்றிலிருந்து கண்ணாடியையும் போர்டையும் ஒரே பொருளாகக் கருதி, இன்னொருவர் துணையில்லாமல் நான் அதைத் தூக்குவதில்லை.

தூசிதான் அடுத்த எதிரி. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்துங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. குளியலறையில் வெந்நீர் திறந்துவிட்டு, ஆவி அடங்கிய பிறகு அங்கே ஒரு ஸ்டூல் போட்டு வேலை செய்பவர்களும் உண்டு. ஈரம் தூசியைக் கீழே இறக்கிவிடும்.

பேனலைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்தின் கொக்கிகளையும் ஓரத்து டேப்பையும் விடுவித்து, நீண்ட போர்டின் திருகுகளைக் கழற்றி, கண்ணாடியையும் போர்டையும் ஒன்றாகத் தூக்கி, சுத்தமான பருத்தித் துணியின்மேல் வையுங்கள். கீழே உள்ள தாள்களை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, எது மேலே, எந்தப் பக்கம் முன்னோக்கி என்பதை மாற்றிவிடாமல் அடுக்குங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஓரத்தில் காது போன்ற சிறு நீட்சிகள் இருக்கும், அவற்றைப் படமெடுத்து வைப்பது பின்னால் கைகொடுக்கும். கையுறை அணியுங்கள். தாளில் விரல் பட்டால் அந்த ரேகை வெள்ளைத் திரையில் எப்போதும் தெரியும். தாள்களைத் துணியால் துடைக்காதீர்கள், ரப்பர் ஊதியால் ஊதினால் போதும்.

அக்ரிலிக் தகட்டை வெளியே எடுத்ததும் பட்டி கண்ணுக்குத் தெரியும். எதிர்வீட்டு மானிட்டரின் பட்டியில் வரிசையாக மஞ்சள் சதுரங்கள் இருந்தன. ஒன்றின் நடுவில் மட்டும் ஊசி குத்தியது போன்ற ஒரு கரும்புள்ளி. மல்டிமீட்டரை டயோடு முறையில் வைத்துத் தொட்டபோது மற்றவை மின்மினி போல ஒளிர்ந்தன, அது மட்டும் ஒளிரவில்லை. அந்த ஒற்றை எல்.இ.டி.யை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். பட்டியின் அடிப்பகுதி பெரும்பாலும் அலுமினியம் என்பதால் சாதாரண சால்டரிங் அயர்னின் சூட்டை அது உறிஞ்சிவிடும். ஹாட் பிளேட் இருந்தால் முடியும். ஆனால் ஒரே பட்டியில் ஒரே வயதில் எரிந்தவை அனைத்தும் ஒரே சூட்டில் தேய்ந்திருக்கின்றன. இவ்வளவு பாடுபட்டுப் பேனலைத் திறந்த பிறகு அரைகுறையாக மூடுவதைவிட முழுப் பட்டியையும் மாற்றுவதே சரி என்பது என் முடிவு. கருகியதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து ஒப்பேற்றுவது, திரையின் அடியில் ஒரு நிழலை விட்டுவைக்கும். மற்ற வரிசைகளோடு மின்னழுத்தமும் சமமாக இருக்காது.

பழைய பட்டி ஒட்டியிருக்கும் டேப்பை ஹேர் டிரையரால் இளக்கி மெல்லப் பிரியுங்கள். பள்ளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வெப்பம் கடத்தும் இருபக்க டேப்பில் புதிய பட்டியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காற்றில்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். எங்காவது மேடாக நின்றால் அங்கே சூடு வெளியேறாது, அந்த எல்.இ.டி. சீக்கிரம் கருகும். எல்.இ.டி.களின் முகம் அக்ரிலிக் தகட்டின் விளிம்புக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். அது சற்றே மேலே ஏறினாலும் திரையின் ஓரத்தில் ஒளிக்கோடுகள் தெரியும்.

மூடுவதற்கு முன்

தகடு, தாள்கள் அனைத்தையும் வைத்த பிறகு, கண்ணாடியை வைப்பதற்கு முன்பே பேட்டரிக் கட்டை வைத்து எல்லா வரிசைகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். அந்த ஒளியில் தாள்களின்மேலுள்ள தூசியும் தெரியும். இப்போது எடுக்காவிட்டால் பிறகு எடுக்க மீண்டும் முழு வேலையையும் செய்ய வேண்டியிருக்கும். கண்ணாடியை வைத்துச் சட்டத்தைப் பொருத்தி, பின்மூடியைப் போடாமலேயே எல்.இ.டி. பிளஸ் முனையை மறுபடி அளங்கள். எதிர்வீட்டு மானிட்டரில் அது 37 வோல்ட்டில் அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் முழு வெள்ளைத் திரையில் ஓடவிட்டு, அணையாமலும் மினுக்காமலும் இருந்தால் மூடிவிடலாம்.

பிரகாசத்தை 100-இலிருந்து 60 அல்லது 70-க்கு இறக்கி வையுங்கள். எல்.இ.டி.யின் ஆயுளைக் குறைப்பது சூடு. வீட்டு அறையின் வெளிச்சத்துக்கு இந்த அளவு தாராளமாகப் போதும்.

கழற்றிய சி.சி.எஃப்.எல். குழல்களில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. குழல் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டுச் சிறிது நேரம் வெளியேறுங்கள். துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ பெருக்காமல், கெட்டி அட்டையால் துண்டுகளைத் திரட்டி, ஈரத்தாளால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். உடையாத குழல்களையும் கெட்டுப்போன போர்டுகளையும் மாநகராட்சி வண்டியின் குப்பையோடு சேர்க்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி இவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் போய்ச் சேர வேண்டும். நான் அவற்றை அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்து, ஓரளவு சேர்ந்ததும் அத்தகைய ஒரு சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிடுகிறேன்.